நாலாவது டேக்

மார்ச் 4, திங்கள்

மார்த்தா லின்டின் பதிவுகள் எல்லாம் இறங்கி முடிந்தன. காலை ஆறு மணிக்குப் போட்டது, பெரம்பூர் இணையத்தின் தயவில் மதியம் மூன்று ஆனது. நடுவில் இட்லி மாவு அரைத்தேன், தண்ணீர் லாரிக்கு போன் செய்தேன், வீட்டுக்காரருக்குக் கஞ்சி வைத்தேன். இரண்டு நாளாக அவருக்குக் காய்ச்சல்.

பதினான்கு பாட்டு. பாதி அமெரிக்காவின் பழைய நாட்டுப் பாடல்கள், வெறும் புல்லாங்குழலில். மீதி செல்லோ, பியானோவோடு சேர்ந்து மூன்று பேர் வாசித்த சேம்பர் இசை. போன அக்டோபரில் வெர்மான்ட்டில் ஒரு மரத்தாலான பழைய சர்ச்சில் நான்கு நாள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மார்த்தாவுக்கு இது நான் எடிட் செய்யும் நாலாவது ஆல்பம். ஐந்தாவது வராது. ஜனவரியில் தாடையில் அறுவை சிகிச்சை. கட்டியோடு கீழ் உதட்டு நரம்பும் போய்விட்டது. அறுபத்தொரு வயதில் அந்த அம்மாள் உதட்டை மறுபடி குவிக்கவே முடியாது. உட்கார்ந்து முழுசாகக் கேட்டுப் பார்க்கத் தெம்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள். "இந்த முறை உங்கள் காதை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், ஹெப்சிபா."

என் காது. முதல் ஆல்பத்தில் எங்கோ வெகு தூரத்தில் போன விமானத்தின் இரைச்சலை நான் ஒருத்திதான் கண்டுபிடித்துச் சொன்னேன். அன்றிலிருந்து ஆசீர் எனக்கு வைத்த பெயர் வௌவால். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் கொடுத்த ஒரே பட்டம், அதையும் நான் பெருமையாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, புதன்

வேலை ஓடுகிறது. ஒரு பாட்டை ஏழெட்டு முறை வாசித்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு டேக். எந்த வரியை எந்த டேக்கிலிருந்து எடுப்பது என்று மார்த்தா சுரங்கள் எழுதின நோட்டுத்தாளில் கலர் பென்சிலால் குறித்திருக்கிறார்கள். அதன்படி வெட்டி, தையல் தெரியாமல் ஒட்டுவது என் பாடு. அதற்குப் பிறகு கல் பொறுக்குவேன். நாற்காலி முனகல், தாள் திருப்பும் சத்தம், குழலின் உலோகச் சாவிகள் தட்டும் சத்தம், இதெல்லாம் அரிசியில் கிடக்கும் கல். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தால்தான் ஆல்பம்.

இந்தப் பாட்டுகளின் பெயர் எதுவும் என் வாயில் நுழையவில்லை, அதனால் நானே பெயர் வைத்துவிட்டேன். ஆற்றங்கரைப் பாட்டு, கோபக்காரி பாட்டு, மாட்டு வண்டி. அமெரிக்காவில் மாட்டு வண்டி உண்டா தெரியாது. எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது. அவர் நாக்குக்கடியில் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் நின்றாலும் பீப் அடிக்கவில்லை. மருந்துக் கடையில் புதுசு வாங்கினேன்.

மார்ச் 7, வியாழன்

புதுசும் அடிக்கவில்லை. கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பினேன். ஆசீர் படுத்தபடியே, "அது அப்பவே அடிச்சிடுச்சு ஹெப்சி. நூறு காட்டுது பாரு" என்றார். மின்விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. இந்த வீட்டு மின்விசிறியை மாற்ற வேண்டும்.

மார்ச் 9, சனி

ஹெட்போன் மந்தமாகிவிட்டது. எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தேன். அதுவும் மந்தம். இப்போதெல்லாம் எவன் ஒழுங்காகச் செய்கிறான்?

பரவாயில்லை. கல் பொறுக்க இப்போது காதே தேவையில்லை. சத்தத்தை அப்படியே படமாகக் காட்டும் திரை இருக்கிறது. கீழே கனத்த சுரம், மேலே கீச்சுச் சத்தம். குழலின் சுரங்கள் படிக்கட்டு மாதிரி வரிசையாகத் தெரியும். வரிசையில் சேராமல் எது கிடக்கிறதோ அது கல். கண்ணால் பார்த்துத் துடைத்துவிடலாம். கொஞ்ச நாளாக நான் இப்படித்தான் செய்கிறேன். காதைவிட வேகம்.

மார்ச் 12, செவ்வாய்

இந்த வருஷம் தேன்சிட்டு வரவில்லை. பால்கனிச் செம்பருத்தி பூத்துக் குலுங்குகிறது. எப்போதும் மார்ச்சில் கீச் கீச்சென்று உயிரை வாங்கும். வெயில்தான் காரணம்.

மார்ச் 14, வியாழன்

கடைசிப் பாட்டு. இதற்கு 'தூங்கு பாட்டு' என்று பெயர் வைத்தேன். பக்கவாத்தியம் இல்லை. ஒரு வரி வாசித்து, நிறுத்தி, காத்திருந்து, அடுத்த வரி. பதில் வருமா என்று பார்க்கிற மாதிரி ஒரு வாசிப்பு. கேட்டபோது நெஞ்சை என்னவோ செய்தது, அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் நோட்டுத்தாளில் மார்த்தா குறித்திருப்பதுதான் விளங்கவில்லை. சிவப்புப் பென்சிலில் பெரிதாக: "நாலாவது டேக், முழுவதும். எதையும் தொட வேண்டாம்." நாலாவதிலோ இருபத்திரண்டாவது தாளக் கட்டத்தில் ஒரு சுரம் அப்பட்டமாகத் தடுக்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை வாசித்த மாதிரி. ஆறாவது டேக்கில் அதே சுரம் தேன். டேக் எண்ணை மாற்றி எழுதிவிட்டார்கள் போல. உடம்பு முடியாமல் குறித்தது, என்ன செய்வார்கள் பாவம்.

நாலாவதையே வைத்துக்கொண்டு, தடுக்கின சுரத்துக்கு மட்டும் ஆறாவதிலிருந்து ஒட்டினேன். தையல் எனக்கே தெரியவில்லை. தொட வேண்டாம் என்பதெல்லாம் கத்துக்குட்டிகளுக்குச் சொல்வது. கடைசிப் பதிவில் ஒரு மனுஷி தடுக்கி விழுந்ததை உலகம் கேட்க வேண்டுமா?

மௌனங்கள் நடுவே திரையின் உச்சியில் கல் கிடந்தது. மெல்லிய கோடுகளாக, கொத்துக் கொத்தாக. பதினொரு கொத்து. போட்டுக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ ஒயர்க் கோளாறு. பதினொன்றையும் துடைத்தேன். மௌனம் என்றால் இதுதான் மௌனம்.

மார்ச் 15, வெள்ளி

அனுப்பிவிட்டேன். மார்த்தாவுக்கும் ஆல்பம் கம்பெனிக்கும். அவர்கள் சரி என்றதும் டிஸ்க் அச்சிட ஆலைக்குப் போகும். அதற்குப் பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது.

மார்ச் 17, ஞாயிறு

சர்ச்சில் பாடகர் குழுவில் என்னை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார்கள். ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரலுக்கு அங்கேதான் ஆள் குறைவாம்.

வீட்டுக்கு வந்து பால்கனியில் துணி உலர்த்தினேன். ஆசீர் பின்னால் வந்து, "பாத்து உதறு, அது பயந்துக்கும்" என்றார்.

"எது?"

"தேன்சிட்டு. கொடிக்கம்பியில கூடு கட்டுதே. காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்கு."

"இந்த வருஷம்தான் வரலையே."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "என்ன அப்படிப் பாக்குறீங்க? ஈரத் துணியோட நிக்கிறேன், நகருங்க" என்று கத்தினேன். நாளெல்லாம் பேசிக்கொள்ளவில்லை.

கூடு இருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது. நேற்றுக் கட்டினது இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

மார்த்தாவின் கடிதம். மூன்று முறை படித்தேன். நாலாவது முறை படிக்கத் தைரியமில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள ஹெப்சிபா, இன்று முதல் முறையாக எழுந்து உட்கார்ந்து, கடைசிப் பாட்டை மட்டும் கேட்டேன். பறவை எங்கே? அன்று கட்டைவிரல் அளவே இருக்கும் ஒரு பறவை சர்ச்சுக்குள் வந்துவிட்டது. நாலாவது டேக்கில் நான் ஒவ்வொரு முறை நிறுத்தியபோதும் அது பதில் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்து ஒரு சுரம் தடுக்கிவிட்டது. அந்தத் தடுக்கலும் இல்லை. அதற்கு மறுநாள்தான் மருத்துவர் கூப்பிட்டுச் சொன்னார். குழலை உதட்டில் வைத்தபடி நான் சிரித்தது அதுதான் கடைசி. இரண்டும் எங்கே போயின?"

பதினொரு கொத்து.

மதியச் சோறு குழைந்துவிட்டது. ஆசீர் ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

மார்ச் 20, புதன்

காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் புரசைவாக்கத்தில் ஒரு காது கிளினிக்குக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார்கள். வெளியே இயந்திரத்தின் முன் ஒரு இளம்பெண்.

"சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்கம்மா. சின்னதா கேட்டாலும் தூக்கணும்."

தூக்கினேன். முதலில் நன்றாகத்தான் கேட்டது. பிறகு சத்தம் வருகிறதா, வராததை நானே நினைத்துக்கொள்கிறேனா என்று புரியவில்லை. அப்போது கவனித்தேன், அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் தோள் லேசாக அசைந்தது. தோள் அசைந்தால் விரலைத் தூக்கினேன். இதை எழுத எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதுப் பொம்பளை, பரீட்சையில் பிட் அடிக்கிற மாதிரி.

அவள் எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். "நிறைய பேர் இப்படித்தான் பண்ணுவாங்கம்மா. திட்ட மாட்டேன், பயப்படாதீங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் விரல் மடியிலேயே கிடந்தது.

கடைசியில் ஒரு தாள் கொடுத்தாள். கோடு பாதி வரை நேராகப் போய், பிறகு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டினது மாதிரி தொப்பென்று கீழே விழுகிறது. கீச்சுச் சத்தங்கள், பறவைகள், ச, ஸ எல்லாம் அந்தப் பக்கம். போனது போனதுதானாம். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன்.

கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

மார்த்தாவுக்குப் பதில் எழுதினேன். பறவை பதிவாகவில்லை. மைக் குழலுக்கு மிகப் பக்கத்தில் இருந்திருக்கிறது. மூலப் பதிவில் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன். சுரம் தடுக்கிய இடத்தில் நாற்காலிச் சத்தம் விழுந்திருந்தது. அதனால் மாற்ற வேண்டியதாயிற்று.

ஐந்து வாக்கியம். அதில் ஒன்றுகூட உண்மையில்லை. மூலப் பதிவு இதோ, என் மேஜை மேல் இருக்கிறது. பறவை அதற்குள் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நாளைக்கே தெரிந்துவிடும், பெரம்பூரில் ஒரு செவிட்டு எடிட்டர் என்று. இருபத்திரண்டு வருஷம். இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. சமையல்கூட சுமார்தான்.

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

மார்த்தாவின் பதில்.

"தேடிப் பார்த்ததற்கு நன்றி. உங்கள் காதுக்கே அகப்படவில்லை என்றால் அது அங்கே இல்லைதான். பரவாயில்லை. நாங்கள் மூன்று பேர் கேட்டோம், அது போதும். திங்கட்கிழமை காலை அச்சுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு என் அன்பு."

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சந்தேகப்பட்டிருக்கலாம். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 23, சனி

எதுவும் ஓடவில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தேன். பிள்ளைகள் ஓசன்னா பாடினார்கள். வாய் அசைவது தெரிந்தது. இப்போது தாளைப் பார்த்துவிட்ட பிறகு எல்லாமே தெரிகிறது. யார் பேசினாலும் நான் வாயைத்தான் பார்க்கிறேன். எவ்வளவு காலமாகப் பார்க்கிறேன்? ஆசீர் இப்போதெல்லாம் என் எதிரே வந்து நின்றுதான் பேசுகிறார். முன்பெல்லாம் சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தித்தாளுக்குள்ளிருந்து பேசுகிற மனிதர்.

அவருக்குத் தெரியும்.

மார்ச் 25, திங்கள்

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காலை காபியோடு கிளினிக் தாளை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தபால் இலாகாவில் முப்பத்து மூன்று வருஷம் குமாஸ்தா, எந்தத் தாளையும் சும்மா விடமாட்டார்.

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"காலிங்பெல் அடிக்கலைன்னு மாத்தினோமே, அப்பத்திலேருந்து."

அது போன தீபாவளிக்கு முன்னால். "ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வௌவாலுன்னு கூப்பிடுறதை நிறுத்தினேனே, அதைக்கூட நீ கவனிக்கலை" என்றார்.

பறவையைச் சொன்னேன். தடுக்கின சுரத்தைச் சொன்னேன். ஐந்து பொய்யையும் சொன்னேன். அவர் கோபப்பட்டால் நன்றாக இருக்கும் போல இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, "அந்த ரூமைத் திற" என்றார்.

அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன், திரை தெரியாதபடி. ஹெட்போனை மாட்டினேன். நாலாவது டேக், மூலப் பதிவு.

"பறவைச் சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க."

போட்டேன். எனக்கு ஸ்பீக்கரில் குழல் மட்டும் கேட்டது. ஒரு வரி, பிறகு மௌனம். ஆசீரின் வலது கை ஆள்காட்டி விரல் மேலே போனது. அடுத்த வரி, மௌனம், விரல். நான் திரையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தேன். கோடு வரும் இடத்தில் விரல் போனது. இருபத்திரண்டாவது தாளக் கட்டத்தில் சுரம் தடுக்கியது. அவர் தோள் குலுங்கியது. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த மனிதர் சிரித்தார். வெர்மான்ட்டில் மார்த்தா சிரித்த அதே இடத்தில்.

பதினொரு முறை விரல் போனது. எண்ணிக்கை சரி.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"சின்னதா இருக்கு ஹெப்சி. ஊசி மாதிரி. அந்தம்மா கேள்வி கேக்குறாங்க, இது பதில் சொல்லுது." பிறகு, "நல்லா இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல்.

துடைத்ததையெல்லாம் திரும்ப வைத்தேன். ஒட்டினதைப் பிய்த்தேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஆனால் மார்த்தா அங்கே காலையில் எழுந்து ஆலையைத் தடுக்க வேண்டும். கடிதம் எழுதினால் பார்ப்பார்களோ என்னவோ. சாயங்காலம் ஆறு மணிக்கு, அவர்களுக்குக் காலை எட்டரை, போன் செய்தேன். நாலு ஆல்பத்தில் இதுவரை பேசினதே இல்லை, எல்லாம் கடிதம்தான்.

எடுத்தார்கள். ஒரு வார்த்தை விளங்கவில்லை. பாதி உதட்டால் பேசுகிற குரல், பாதி கேட்கிற காது. நான் சொல்ல வேண்டியதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அப்படியே சொன்னேன். பறவை இருந்தது. நான்தான் துடைத்தேன். எனக்குக் கேட்கவில்லை. சுரத்தை நான்தான் மாற்றினேன், அது எனக்குக் கேட்டது, தெரிந்தே மாற்றினேன். உங்களிடம் பொய் சொன்னேன். தயவுசெய்து அச்சை நிறுத்துங்கள்.

பிறகு போனை ஆசீரிடம் கொடுத்தேன். அவர் காதில் வைத்து, அங்கே சொல்வதை எனக்குச் சொன்னார்.

"ஒண்ணும் பேசல." கொஞ்ச நேரம். "இன்னும் பேசல."

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எவ்வளவு நாளான்னு கேக்குறாங்க."

இந்த நாட்குறிப்பில்கூட நான் எழுதாத பதிலைச் சொன்னேன். "ரெண்டு வருஷமா."

அதைச் சொன்னதும் எனக்கும் மார்த்தாவுக்கும் கணக்குப் புரிந்தது. அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தை நான் செய்தது போன வருஷம்.

ஆசீர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "கோவமா இருக்காங்களாம். நாளைக்கும் கோவமாத்தான் இருப்பாங்களாம். ஆலைக்கு இப்பவே போன் பண்றாங்களாம். ஃபைலை இன்னிக்கே அனுப்பச் சொல்றாங்க." பிறகு அவர் முகம் மாறியது. "உன்னை ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. திரும்ப வெச்சது சரியா இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்னு."

"உங்க விரல்னு சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அங்கே அவர்கள் ஏதோ சத்தம் எழுப்பினார்களாம். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லையாம்.

மார்ச் 27, புதன்

கம்பெனியிலிருந்து நான்கு வரி. மே மாதத்து ஆல்பமும் ஜூன் ஆல்பமும் வேறு ஒருவருக்குப் போகின்றன. இதுவரை செய்ததற்கு நன்றி. நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனாலும் காலையிலிருந்து கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்தேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனைக்குப் போய் வந்தோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரசங்கத்தில் முக்கியமானதை மட்டும் ஆசீர் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதிக் காட்டினார். மூன்று மணி நேரத்துக்கு மூன்று வரிதான் தேறியது.

வீட்டுக்கு வந்தால் மார்த்தாவின் கடிதம். அன்பு இல்லை, விசாரிப்பு இல்லை.

"பதினொன்று. எண்ணிவிட்டேன்."

மார்ச் 30, சனி

ஹெட்போன் இரண்டையும் துடைத்து அதனதன் பெட்டியில் வைத்தேன். அறையைப் பெருக்கினேன். திங்கட்கிழமை காது மிஷினுக்கு அளவு எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். பறவைச் சத்தம் அதில் திரும்புமா என்று கேட்டேன். திரும்பாது, பேச்சு கொஞ்சம் தெளியும் என்றாள் அந்தப் பெண்.

காலையில் காபியோடு பால்கனிக்குப் போனேன். கூட்டுக்கு மேலே கம்பியில் தேன்சிட்டு உட்கார்ந்திருந்தது. அலகு திறந்தது, மூடியது, திறந்தது. தொண்டை துடித்தது. அவ்வளவு சின்ன உடம்பு முழுக்க ஆடியது. ஒரு சத்தமும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், காபி ஆறியது.

திரும்பினேன். வாசல்படியில் ஆசீர் நின்றிருந்தார். விரலைத் தூக்கினார்.